அம்புக்குறியின் வலப்பக்கம்: ஸ்காலா சர்வர்களுக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் வந்த வழி

ஸ்காலா எழுதுகிறவர்கள் 'சிவப்புப் புத்தகம்' என்று சொன்னால் அது பால் சியூசானோவும் ரூனார் பியார்னசனும் எழுதி, மேனிங் பதிப்பகம் 2014இல் வெளியிட்ட 'ஃபங்ஷனல் புரோகிராமிங் இன் ஸ்காலா'. ஒரு காபிக் கடையில் தொடங்கும் நூல் அது. காபி வாங்குவதற்கென்று எழுதிய சார்பு, காபியைக் கொடுக்கிற கையோடு கிரெடிட் கார்டிலிருந்து பணத்தையும் எடுத்துவிடுகிறது. அப்படி எழுதாதே, காபியையும் இவ்வளவு வசூலிக்க வேண்டும் என்ற சீட்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடு என்கிறார்கள் ஆசிரியர்கள். வசூல் பிறகு நடக்கட்டும், வேறு இடத்தில் நடக்கட்டும். ஒரே கார்டில் பத்து காபி வாங்கினால் பத்துச் சீட்டையும் கூட்டி ஒரே தடவையில் வசூலித்துக்கொள்ளலாம். இந்தக் கதையிலிருந்து அவர்கள் எடுக்கும் இலக்கணம் கறாரானது: தூய சார்புகளை மட்டும் கொண்டு கட்டுவதே ஃபங்ஷனல் புரோகிராமிங்.

இலக்கணம் என்ற அளவில் இதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் காலப்போக்கில் இதையே வரலாறாகவும் வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்த வாசிப்பில் பேக்எண்ட் உலகத்துக்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, ஹாஸ்கலிலிருந்து ஸ்காலாஸெட் லைப்ரரி வழியாக இறங்கிய தூய மரபு. மற்றொன்று, ட்விட்டர் போன்ற நிறுவனங்கள் 'ஃபியூச்சர்' என்ற டைப்பை வைத்து ஓட்டிய அரைகுறை முயற்சி. முன்னது வளர்ந்து கேட்ஸ் எஃபெக்ட்டாகவும் ஸியோவாகவும் நிலைபெற்றது. பின்னது ஒரு கட்டத்தோடு முடிந்தது. நூலாசிரியர்கள் இருவரும் இப்படியொரு வரலாற்றை எழுதவில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அவர்கள் வகுத்த இலக்கணத்தை அளவுகோலாகப் பிடித்தால் இந்த வரலாறு தானாக வந்து விழுகிறது. இக்கட்டுரை மறுப்பது அந்த வாசிப்பைத்தான். மறுப்பதற்கான சான்றுகளில் ஒன்று சிவப்புப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

பின்னணி தெரிந்ததுதான். மார்ட்டின் ஓடர்ஸ்கி 2001இல் லொசானில் வடிவமைக்கத் தொடங்கிய மொழி 2004இல் வெளிவந்தது. அதற்கு முன்பே பிட்சா, ஜீஜே என்று ஜாவாவை நீட்டிப் பார்த்த இரண்டு முயற்சிகளில் ஃபிலிப் வாட்லர் அவருடைய கூட்டாளி. மோனாட் என்ற கணிதக் கருத்தை நிரலாக்கத்துக்குள் நடமாட விட்டவர்களில் வாட்லர் முக்கியமானவர் என்பதால், ஸ்காலாவின் 'ஃபார்' வாக்கியம் மேப், ஃபிளாட்மேப் அழைப்புகளாகப் பிரிவதில் வியப்பில்லை. 2.5 பதிப்பில் ஏட்ரியான் மூர்ஸ் கொண்டுவந்த உயர்வகை டைப்புகள் இல்லாமல் பின்னால் வந்த எதுவும் சாத்தியமில்லை. இவை போதும்.

நிற்க வேண்டிய இடம் ஒரே ஒரு வரி. 2013 நவம்பர் 3ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃபார்மிங்டன் என்ற ஊரில் நடந்த பிளாஸ் பட்டறையில், ட்விட்டரில் பணியாற்றிய மாரியஸ் எரிக்சன் 'யுவர் சர்வர் ஆஸ் எ ஃபங்ஷன்' என்ற சிறு கட்டுரையை வைத்தார். அவருடைய ஃபினேகல் லைப்ரரி மூன்று கருத்துகளால் ஆனது என்கிறது கட்டுரை: ஃபியூச்சர், சர்வீஸ், ஃபில்டர். இவற்றில் சர்வீஸுக்குக் கட்டுரை தரும் வரையறையைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

சர்வீஸ்[கோரிக்கை, பதில்] = கோரிக்கை → ஃபியூச்சர்[பதில்]

கோரிக்கையை வாங்கி, பிறகு வரப்போகும் பதிலுக்கு ஒரு பிடியைக் கொடுக்கும் சார்பு. சர்வர் என்றால் அவ்வளவுதான். ஃபில்டர் இன்னும் சுவாரசியமானது. அது ஒரு கோரிக்கையையும் ஒரு சர்வீஸையும் சேர்த்து வாங்கி, ஃபியூச்சர்[பதில்] தருகிறது. நேரவரம்பு வைப்பது, கணக்கெடுப்பது, தடம் பதிவது எல்லாம் ஃபில்டர்கள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, கடைசியில் உண்மையான சர்வீஸை மாட்டினால் முடிந்தது. ட்விட்டரின் வாசலில் நின்று எல்லா எச்டிடிபி கோரிக்கைகளையும் வாங்கிக் கொடுத்த சர்வரே இப்படிக் கோத்த நீளச் சங்கிலிதான் என்று கட்டுரை காட்டுகிறது.

ஃபில்டரின் இருபுறமும் வெவ்வேறு டைப் இருக்கலாம் என்பது இதில் இன்னொரு நுட்பம். அடையாளம் சரிபார்க்கும் ஃபில்டர் சாதாரணக் கோரிக்கையை வாங்கும். உள்ளே இருக்கும் சர்வீஸோ 'சரிபார்த்த கோரிக்கை' என்ற வேறு டைப்பை மட்டுமே ஏற்கும். சரிபார்க்காமல் ஒரு கோரிக்கையை உள்ளே விட எழுதினால் நிரல் கம்பைலே ஆகாது. ஒரு புரோகிராமரின் ஞாபகசக்தியை நம்பியிருந்த பாதுகாப்பு விதியை டைப் செக்கரிடம் ஒப்படைத்த இந்தச் செயலை 'அரைகுறை' என்று ஒதுக்குவது எப்படி என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இனி பாடபேதத்துக்கு வருவோம். கட்டுரையில் சர்வீஸ் என்பது வெறும் மறுபெயர், அதாவது ஒரு சார்பு டைப்புக்கு வைத்த செல்லப்பெயர். ஃபினேகலின் மூலநிரலைத் திறந்தால் அங்கே மறுபெயர் இல்லை. ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் இருக்கிறது. அது 'கோரிக்கை → ஃபியூச்சர்[பதில்]' என்ற சார்பை நீட்டித்து எழுதப்பட்டது. கோரிக்கைக்குக் கழித்தல் குறியும் பதிலுக்குக் கூட்டல் குறியும் போட்டு டைப் மாறுபாட்டையும் குறித்திருக்கிறார்கள். கிளாஸ் என்பதால் அதற்கு உடம்பு உண்டு, அந்த உடம்பில் கட்டுரை சொல்லாத சில உறுப்புகள். பழைய பதிப்புகளில் 'ரிலீஸ்' என்றும் 'கிடைக்குமா' என்று விசாரிக்கும் ஒன்றும் இருந்தன. பிந்தைய பதிப்புகளில் அவை 'குளோஸ்', 'ஸ்டேட்டஸ்' என்று மாறின. ஆக, சர்வீஸ் திறந்திருக்கிறது, மூடப்படுகிறது, சில நேரம் நோய்ப்படுகிறது. அதோடு 'சர்வீஸ் ஃபாக்டரி' என்று இன்னொரு கிளாஸும் உண்டு: இணைப்பை வாங்கி ஃபியூச்சர்[சர்வீஸ்] தரும் சார்பு அது.

கட்டுரையின் வரியை மட்டும் படித்தவர்கள் ஃபினேகலை மிகையாகப் புகழ்ந்தார்கள். மூலநிரலை மட்டும் பார்த்தவர்கள் 'இதில் என்ன ஃபங்ஷனல்' என்று கேட்டார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் தெரிவது வேறு. நெட்வொர்க்கில் ஓடும் சார்புக்கு ஆயுள் இருக்கிறது, சாக்கெட் இருக்கிறது, கடைசியில் அதை மூட வேண்டியிருக்கிறது. அந்தத் தகவலை டைப்பின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று 2013இல் முடிவாகவில்லை. அதனால் அது கிளாஸின் உடம்புக்குள் ஒதுங்கியது. எப்போது அங்கிருந்து வெளியே வந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

ஃபியூச்சர்மேல் தூய மரபினர் வைக்கும் குற்றச்சாட்டு உண்மையானது. ஹோட்டலில் காசு கட்டி டோக்கன் வாங்கினால், டோக்கன் கைக்கு வரும்போதே ஆர்டர் சமையலறைக்குப் போயிருக்கும். அந்த டோக்கனை இரண்டு தடவை காட்டினாலும் தோசை ஒன்றுதான். ஃபியூச்சர் ஒரு டோக்கன்: உருவான கணத்தில் வேலை ஓடத் தொடங்கிவிட்டது, விடையும் ஒரு தடவைதான் நிரம்பும். தூய மரபு பயன்படுத்தும் ஐஓ டைப் அப்படியல்ல, இன்னும் சமையலறைக்குக் கொடுக்காத ஆர்டர் சீட்டு அது. எத்தனை தடவை வேண்டுமானாலும் கொடுக்கலாம், கிழித்தும் போடலாம். பெயர் வைத்த ஒரு கோவையை அதன் பெயருக்குப் பதிலாக அப்படியே எடுத்து எழுதினால் பொருள் மாறக்கூடாது என்பது தூய மரபின் விதி. ஃபியூச்சரில் அது மாறும். இரண்டு ஃபியூச்சர்களை முன்கூட்டியே உருவாக்கிவிட்டு 'ஃபார்' வாக்கியத்தில் கோத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். 'ஃபார்' வாக்கியத்துக்குள்ளேயே உருவாக்கினால் ஒன்று முடிந்தபின்தான் மற்றது. ஸ்காலா புரோகிராமர்கள் தொழிலின் தொடக்கத்தில் சறுக்கி விழும் படிக்கட்டுகளில் இது ஒன்று.

சரி, டோக்கனை வைத்து மறுமுயற்சி செய்ய முடியாது. அப்படியானால் ஃபினேகலில் மறுமுயற்சி எப்படி நடக்கிறது? நடக்கிறது, அதற்கென்றே ஒரு ஃபில்டர் இருக்கிறது. அது ஃபியூச்சரை மறுபடி ஓட்ட முயல்வதில்லை. கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸை மறுபடி அழைக்கிறது. புது அழைப்பு, புது டோக்கன். 'என்ன செய்ய வேண்டும்' என்பதையும் 'செய்' என்பதையும் பிரித்து வைப்பதுதான் தூய மரபின் உயிர்நாடி என்றால், ஃபினேகலும் அதைச் செய்கிறது. பிரிவு நிகழும் இடம் மட்டும் வேறு. ஐஓவில் அந்தப் பிரிவு அம்புக்குறியின் வலப்பக்கத்து டைப்புக்குள் இருக்கிறது. ஃபினேகலில் அது அம்புக்குறியிலேயே இருக்கிறது.

இப்போது சிவப்புப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தைத் திறக்கலாம். ஒரே நேரத்தில் பல கணக்குகளை ஓட்டுவதற்கு ஆசிரியர்கள் அங்கே 'பார்' என்ற டைப்பைப் படிப்படியாகக் கண்டடைகிறார்கள். தேடி முடிந்து அவர்கள் வந்து நிற்கும் வரையறை இது:

பார்[அ] = எக்ஸிக்யூட்டர்சர்வீஸ் → ஃபியூச்சர்[அ]

த்ரெட்டுகளை நிர்வகிக்கும் ஜாவாப் பொருளை வாங்கி ஃபியூச்சர் தரும் சார்பு. (பெயரில் 'சர்வீஸ்' வருவது தற்செயல், இது ஜாவா 5இன் சொல்.) அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில் த்ரெட்டைக் காக்க வைக்கிற ஜாவாவின் ஃபியூச்சரை எடுத்துவிட்டுத் தாங்களே செய்த ஒரு ஃபியூச்சரை வைக்கிறார்கள். வரையறை வரி மாறவே இல்லை. வலப்பக்கத்துச் சொல்லின் பொருள்தான் மாறுகிறது. எரிக்சனின் வரியையும் இந்த வரியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் இடப்பக்கம் தவிர வேறுபாடு இல்லை. டோக்கன் குறையை இரண்டு வரிகளும் ஒரே உத்தியால் சமாளிக்கின்றன: டோக்கனுக்கு முன்னால் ஓர் அம்புக்குறி. தூய சார்புகளால் ஆனது என்று நூல் தலைநிமிர்ந்து அறிமுகப்படுத்தும் டைப்பும், தூய்மையற்றது என்று ஒதுக்கப்படும் சர்வீஸும் ஒரே வார்ப்பில் வந்தவை.

இரண்டில் எது முந்தியது என்று கேட்டால் அச்சு ஆண்டுகள் கைகொடுக்காது. கட்டுரை 2013, நூல் 2014. ஆனால் ஃபினேகலை ட்விட்டர் 2011இலேயே வெளியுலகுக்கு அறிவித்துவிட்டது. நூலோ அச்சேறும் முன்பே அத்தியாயம் அத்தியாயமாக முன்பதிவு வாசகர்களிடம் போய்க்கொண்டிருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று இக்கட்டுரை வாதிடவில்லை. இரண்டும் ஒரே தேவைக்கு ஒரே விடையைத் தனித்தனியே கண்டன என்றாலே போதும், இரு மரபுக் கதை ஆட்டம் காண்கிறது.

விட்டுக்கொடுக்க வேண்டியதும் உண்டு. அம்புக்குறி காப்பாற்றுவது சர்வீஸின் வாசலில் மட்டும். உள்ளே போய்விட்டால் ஃபியூச்சரின் பழைய குணமே ஆட்சி செய்கிறது. வேலையை நடுவில் நிறுத்தும் வசதி ட்விட்டரின் ஃபியூச்சரில் ஒருவிதமாக இருந்தது. 2013 ஜனவரியில் ஸ்காலா 2.10உடன் வந்த அதிகாரபூர்வ ஃபியூச்சரில் அதுவும் இல்லை. ஒரு கோரிக்கையின் தடத்தைச் சர்வருக்குச் சர்வர் தொடர்வதற்கு ஃபினேகல் பயன்படுத்திய 'லோக்கல்' எந்த டைப்பிலும் தெரியாமல் பின்கதவு வழியாகப் பயணிக்கும் மதிப்பு. சிப்கின் போன்ற கருவிகள் அதை நம்பித்தான் இயங்கின என்றாலும், காபிக் கடைக் கதையை எழுதியவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஏற்கவும் தேவையில்லை.

வாதம் கடினமாவது அடுத்த கட்டத்தில்தான். இன்று தூய மரபின் முதன்மை எச்டிடிபி லைப்ரரி எச்டிடிபி4எஸ். அதில் சர்வர் என்பது கோரிக்கையிலிருந்து பதிலுக்குப் போகும் ஒரு கிளைஸ்லி அம்பு. ஹைன்ரிஷ் கிளைஸ்லி ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் இருந்த சுவிஸ் கணிதவியலாளர். அம்பின் கருத்து அவருடைய 1965ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வந்தது. 'அ → எஃப்[ஆ]' என்ற வடிவத்துக்கு அவர் பெயர். எரிக்சனின் வரி, எஃப் இருக்குமிடத்தில் ஃபியூச்சரை வைத்த கிளைஸ்லி அம்பு.

இது ஹாஸ்கல் வழிவந்தது என்பது பொதுக் கருத்து. எச்டிடிபி4எஸ் தன்னைப் பற்றித் தானே சொல்வது வேறு: ரூபியின் ராக், பைத்தானின் விஸ்கி, ஹாஸ்கலின் வாய், ஜாவாவின் சர்வ்லெட் ஆகியவற்றுக்கு ஸ்காலா தரும் பதில் என்று அதன் அறிமுக வாசகம் நான்கு மூதாதையரை வரிசைப்படுத்துகிறது. நால்வரில் ஹாஸ்கல்காரர் ஒருவர்தான். விஸ்கி 2003 டிசம்பரில் பைத்தானில் எழுந்த முன்மொழிவு, ராக் 2007இல் பிறந்தது. கோரிக்கையைக் கொடுத்தால் பதில் தரும், அழைக்கத்தக்க ஒரு பொருளே சர்வர் என்ற கருத்து அவை இரண்டிலும் அப்போதே முழுவடிவில் இருந்தது. டைப் மட்டும்தான் இல்லை. ட்விட்டர் ரூபி ஆன் ரெயில்ஸில் வளர்ந்து 2008 வாக்கில் ஸ்காலா பக்கம் திரும்பிய நிறுவனம் என்பதையும், ரெயில்ஸ் தன் 2.3 பதிப்பில், 2009இல், ராக்கின் மேல் ஏறி உட்கார்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சொற்களும் சாட்சி சொல்கின்றன, ஆனால் ஒரே குரலில் அல்ல. 2018இல் வந்த 0.18க்கு முந்தைய பல பதிப்புகளில் எச்டிடிபி4எஸ் தன் கிளைஸ்லி அம்புக்கு வைத்திருந்த பெயர் 'சர்வீஸ்'. ஃபினேகலின் சொல்லேதான். ஃபினேகலின் ஃபில்டருக்கு நான்கு டைப் அளவுருக்கள். எச்டிடிபி4எஸில் அதே வேலையைச் செய்வதும், எஃப்-ஐக் கழித்துவிட்டால், நான்கே அளவுருக்களை வாங்குகிறது. இதை வைத்து நேரடி உறவைச் சாதித்துவிடத் தோன்றும். ஆனால் அந்த உறுப்புக்கு எச்டிடிபி4எஸ் வைத்த பெயர் 'மிடில்வேர்'. அது ராக், விஸ்கி, வாய் மூன்றும் புழங்கும் சொல். ஃபினேகலின் 'ஃபில்டர்' சர்வ்லெட்டுகளிலும் உண்டு. ஒரு பெயர் ஒன்றுகிறது, ஒரு பெயர் ஒன்றவில்லை. நேரடிக் கடன் என்று தீர்ப்பெழுத இது போதாது. ஹாஸ்கலிலிருந்து மட்டும் வந்தது என்று சொல்லவும் வழியில்லை. பேக்எண்ட்காரர்கள் அன்றாட வேலையில் கண்டுபிடித்த ஒரு வடிவத்துக்குக் கணிதக்காரர்கள் பெயர் சூட்டினார்கள் என்பதே இக்கட்டுரையின் சாய்வு. நிரூபணம் என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஃபினேகல் கிளாஸின் உடம்பில் ஒளிந்திருந்த ரிலீஸ், குளோஸ் சங்கதிக்குத் திரும்புவோம். தூய மரபுக்கு அந்தத் தலைவலி இல்லையா? இருந்தது. ஹாஸ்கலின் வாய் 2014இல் மூன்றாம் பதிப்புக்குப் போனபோது, 'கோரிக்கை → ஐஓ[பதில்]' என்ற எளிய வடிவத்தோடு நிற்கவில்லை. பதிலை அனுப்பும் சார்பையும் அப்ளிகேஷன் கையிலேயே கொடுத்துவிட்டது. காரணம், பதிலை அனுப்பி முடிக்கும்வரை ஃபைலையும் இணைப்பையும் பத்திரமாகப் பிடித்திருந்து, முடிந்ததும் விடுவிக்க வேண்டும். எச்டிடிபி4எஸின் கிளையன்ட் பக்கத்தில் இதே சிக்கல் கேட்ஸ் எஃபெக்ட்டின் 'ரிசோர்ஸ்' என்ற டைப்பாக வெளிப்பட்டது. அங்கே கோரிக்கையைக் கொடுத்தால் ரிசோர்ஸில் பொதிந்த பதில் வருகிறது. பயன்படுத்தி முடித்ததும் இணைப்பு தானாக விடுவிக்கப்படும். ஃபினேகல் கிளாஸின் உடம்பில் மறைத்து வைத்ததை கேட்ஸ் எஃபெக்ட் அம்புக்குறியின் வலப்பக்கத்தில் வெளிப்படையாக எழுதியது. உண்மையான முன்னேற்றம் இதுதான், அதைச் செய்தவர்கள் தூய மரபினர்தான். ஆனால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்பதை முதலில் காட்டியது அந்த அசுத்தமான கிளாஸ்.

ஸியோ 2020 ஆகஸ்டில் 1.0 பதிப்பை எட்டியது. ஆர், ஈ, ஏ என்று மூன்று அளவுருக்கள் கொண்ட அதன் மைய டைப்பை, ஆர்-ஐ வாங்கிப் பிழையையோ விடையையோ தரும் சார்பாக மனத்தில் வைத்துக்கொள்ளும்படி அதன் ஆவணமே சொல்கிறது. 'பார்' வரியில் எக்ஸிக்யூட்டர்சர்வீஸ் இருந்த இடத்தில் இப்போது ஆர். மும்பையின் ட்ரீம்11 நிறுவனத்தில் தொடங்கிப் பிறகு ஸியோ குடும்பத்தில் சேர்ந்த எச்டிடிபி லைப்ரரியின் ஆரம்பப் பதிப்புகளைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம்: அங்கே எச்டிடிபி என்ற டைப், 'அ → ஸியோ[...]' என்ற சார்பை நீட்டித்து எழுதிய ஒன்று. மறுபெயர் இல்லை, சார்பை நீட்டித்த டைப்; உள்ளே வருவதற்குக் கழித்தல் குறி, வெளியே போவதற்குக் கூட்டல் குறி. ஃபினேகலின் மூலநிரலில் இருந்த அதே பாடம், கட்டுரையில் இருந்த பாடமல்ல.

கடைசியாக ஒரு திருப்பம். 2023 செப்டம்பரில் ஜாவா 21 மெய்நிகர் த்ரெட்டுகளோடு வந்தது. த்ரெட்டைக் காக்க வைப்பது மலிவானதும், ஃபியூச்சரும் வேண்டாம் ஐஓவும் வேண்டாம், நேரடியாக எழுதலாம் என்று ஸ்காலாவிலேயே ஒரு சாரார் கிளம்பினார்கள். ஆக்ஸ் அப்படிப்பட்ட லைப்ரரி. டாபிர் லைப்ரரியில் சர்வர் தர்க்கத்தின் வலப்பக்கத்தைச் சுற்றியிருந்த உறையின் இடத்தில் இப்போது 'ஐடென்டிட்டி'யை வைக்க முடிகிறது. அதாவது உறையே இல்லை. மிஞ்சுவது 'கோரிக்கை → பதில்', பிழைக்கு ஓர் இடம் விட்டு. சிவப்புப் புத்தகத்தின் இலக்கணப்படி இது பின்னடைவு. ராக் எழுதியவர்களுக்கோ பழகிய முகம்.

இந்தத் துறையின் வரலாற்றை இனி எழுதப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் அச்சான வரையறையோடு நின்றுவிடாமல், மூலநிரலில் உள்ள வரையறையையும் பதிப்பு எண் குறிப்பிட்டுச் சான்று காட்டுங்கள். எச்டிடிபி4எஸில் ஒரு காலத்தில் 'சர்வீஸ்' என்ற சொல் இருந்தது என்பதே இன்றைய பதிப்பை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.